விஷயம் வீட்டுக்குத் தெரிந்த பிறகுதான் கவனம் வேண்டும்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி (வயது 27) ஆன்லைன் ரம்மியில் நாலு லட்சம் விட்டுவிட்டான். எல்லாம் லோன் ஆப் கடன். போன வாரம் வீட்டுக்குத் தெரிந்ததிலிருந்து "நான் இருந்தால்தானே கடன்" என்கிறான். சும்மா மிரட்டுகிறானா? கடனை அடைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

மனநல மருத்துவர் பதில்: மிரட்டல் என்று விட்டுவிடாதீர்கள். சூதாட்டப் பழக்கத்துக்காகச் சிகிச்சைக்கு வருபவர்களில் பாதிப் பேர் வரை தற்கொலை எண்ணம் இருக்கிறது. சுமார் 17 சதவீதம் பேர் முயன்றும் இருக்கிறார்கள்.

ஆடிக்கொண்டிருக்கும் வரை விட்டதைப் பிடித்துவிடலாம் என்ற நப்பாசை ஆளைத் தாங்கும். குட்டு உடைந்ததும் அது போய்விடும், வெட்கம் மட்டும் மிஞ்சும். உங்கள் தம்பி இப்போது அங்கேதான் நிற்கிறார். கொஞ்ச நாளைக்குத் தனியாக விடாதீர்கள், பஞ்சாயத்து வைக்காதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றே மருத்துவமனை. நடுராத்திரி என்றால் மனநல உதவி எண் 14416 அல்லது மருத்துவ உதவி எண் 104-ஐக் கூப்பிடுங்கள்.

கடனுக்கு வருகிறேன். நகையை விற்று அவர் கையில் பணம் கொடுக்காதீர்கள், அது மறுபடி ஆட்டத்துக்குத்தான் போகும். யாருக்கு எவ்வளவு என்று உட்கார்ந்து எழுதுங்கள். சம்பளக் கணக்கையும் யுபிஐயையும் சில மாதம் நீங்கள் பாருங்கள். முக்கியமாக, "விட்ட பணத்தை மீட்டுத் தருகிறோம்", "லோனை செட்டில் செய்கிறோம்" என்று டெலிகிராமில் வருகிறவனை நம்பாதீர்கள். முன்பணம் வாங்கியதும் காணாமல் போவான். இவர்களிடம் இரண்டாவது முறை ஏமாந்து உடைந்து வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ரிசர்வ் வங்கி விதிப்படி வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது, போனில் உள்ள நம்பர்களை எடுக்கவும் கூடாது. போட்டோவை மார்பிங் செய்து மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் செய்யுங்கள். ஸ்டேஷனில் "சைபருக்குப் போ" என்பார்கள், அங்கே போனால் "ஸ்டேஷனுக்குப் போ" என்பார்கள். விடாதீர்கள்.

ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்று தமிழ்நாட்டில் 2020 முதல் அவசரச் சட்டம், சட்டம், ரத்து, மறுபடி சட்டம் என்று வருடங்கள் ஓடின. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் கட்டி ஆடும் ஆட்டத்தைத் தடை செய்தது. ஆடியவருக்கு அதில் தண்டனை இல்லை, அதனால் போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தம்பிக்கு இது பொருந்தாது, ஆனால் படிக்கிற யாருக்காவது பொருந்தும். அறுபது வயதில் அப்பா திடீரென்று சூதாட ஆரம்பித்தால் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். நடுக்குவாதத்துக்கான பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் இரண்டும் சிலருக்கு இந்த வெறியைக் கிளப்பும். கால் குடைச்சலுக்கும் இவற்றை எழுதுவதுண்டு. மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோலும் அரிதாக அப்படிச் செய்யும். நீங்களே நிறுத்திவிடாதீர்கள், எழுதிய டாக்டரிடம் சொல்லுங்கள். டோஸைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அடங்கும். பிள்ளைகள் "வயசான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது" என்று திட்டிக்கொண்டிருக்க, காரணம் மாத்திரை டப்பாவில் இருக்கும்.

தம்பியை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஓபி சீட்டு போடும் இடத்தில் சொல்லக் கூச்சப்பட்டால் "தூக்கமில்லை" என்று பதிந்தால் போதும். மீதியை உள்ளே வந்து சொல்லலாம்.