மிளகாய் நாற்று நூலாக நீளுகிறதே?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. தும்புத்தூளும் கொம்போஸ்டும் கலந்த தட்டில் மிளகாய் விதை போட்டு மூன்று கிழமையாகிறது. பல்கனியில் வெயில் குறைவு, கன்றுகள் நெருக்கமாக நிற்கின்றன. எல்லாம் நூல்போல நீண்டு சாய்கின்றன. யூரியா கரைத்து விட்டும் திருந்தவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இது பசளைக் குறை அல்ல, வெளிச்சக் குறை. யூரியாவை இன்றே நிறுத்துங்கள். நீண்ட தண்டை அது இன்னும் மெலிவாக்கும்.

இலையிலுள்ள பைற்றோகுரோம் என்னும் ஒளியுணரும் புரதம், 660 நனோமீற்றர் அலைநீளச் சிவப்பொளி போதுமான அளவு பட்டால் தண்டை நீளவிடாது. நெருங்கி நிற்கும் கன்றுகளின் இலைகள் அந்தச் சிவப்பை உறிஞ்சிவிட்டு, 730 நனோமீற்றர் அளவிலான தூரச்சிவப்பொளியைத் திருப்பிவிடும். அப்போது பைற்றோகுரோம் அடங்கிவிடுகிறது. உடனே ஒட்சின் என்னும் வளர்ச்சி ஓமோனை ஆக்கும் நொதியங்கள் கூடி, அந்த ஒட்சின் தண்டுக்கு இறங்குகிறது.

தண்டுக் கலத்தின் மென்சவ்வில் ஐதரசன் அயனை வெளியே தள்ளும் ஒரு நொதியம் உண்டு. அதன் வாலில் பொஸ்பேற்று ஒட்டினால் வேலை செய்யும். அதைக் கழற்றும் இன்னொரு நொதியம் நிறுத்திவிடும். ஒட்சினால் உண்டாகும் சிறு புரதங்கள் இந்தக் கழற்றும் நொதியத்தை மடக்கிவிடுவதால் தள்ளுதல் ஓயாது. கலச்சுவர் அமிலமாகிறது. அமிலத்தில் எக்ஸ்பான்சின் புரதம் சுவரின் பிணைப்பைத் தளர்த்த (அது எதையும் வெட்டுவதில்லை, நெகிழ்த்துகிறது, அவ்வளவே), உள்ளே புகும் தண்ணீரின் அழுத்தம் கலத்தை இழுத்து நீட்டுகிறது. பெரும்பாலும் புதுக் கலங்கள் கூடி வந்த வளர்ச்சி அல்ல, இருக்கும் கலங்களின் இழுபாடு. அதனால்தான் தண்டு மெலிந்து நிற்கிறது. மங்கிய ஒளியில் சீனி உற்பத்தியும் குறைவு. சுவரைத் தடிப்பாக்கச் சரக்கு இல்லை.

முதலில் கன்றுகளைக் கலைத்து இடைவெளி 5 சென்ரிமீற்றர் ஆக்குங்கள். வெயில் விழும் மூலை இருந்தால் அங்கே தட்டை வைத்து, முதல் நாள் காலை 1 மணி நேரத்தில் தொடங்கி ஒரு கிழமையில் 6 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் நிழலில் வளர்ந்த இலை கருகும். வெயிலே இல்லையென்றால் வெள்ளை எல்இடி விளக்கை இலைக்கு மேல் 15 முதல் 20 சென்ரிமீற்றரில் கட்டி, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுங்கள். காலையும் மாலையும் உள்ளங்கையால் நுனிகளை 20 தடவை மெல்லத் தடவுங்கள். தொடுகையும் தண்டைக் குறுக்கித் தடிப்பாக்கும். இலை ஈரமாக இருக்கும்போது தொடவேண்டாம், நோய் பரவும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேல்மண் காய்ந்த பின்பே தண்ணீர் விடுங்கள். இல்லாவிட்டால் மெலிந்த அடித்தண்டு அழுகிச் சாயும்; அப்படிச் சாய்ந்ததை மண்ணோடு எடுத்து எறிந்துவிடுங்கள்.

நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. தக்காளியானால் தண்டை ஆழப் புதைத்தால் வேர்விடும். மிளகாய் அவ்வளவு நன்றாக வேர்விடாது, வித்திலை (விதையிலிருந்து முதலில் வரும் இரு இலைகள்) வரை மட்டும் புதைத்து ஈர்க்கு ஊன்றிக் கட்டுங்கள். பாதிக்கு மேல் சாய்ந்திருந்தால் புதிதாக விதைப்பதே மேல். மீதியில் பத்து நாளில் வரும் புதிய இலைகளுக்கிடையே உள்ள தண்டைப் பாருங்கள்: முன்னையதைவிடக் குட்டையாக இருந்தால் வெளிச்சம் போதும், இல்லையென்றால் விளக்கை இன்னும் கிட்ட இறக்குங்கள்.