பார்க்கின்சன் உள்ள அப்பாவுக்கு நினைவாற்றல் சோதனை: வீட்டிலிருந்தே செய்யலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது, ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். பெரம்பூரிலிருந்து மருத்துவமனைக்குப் போய்வந்தால் அன்று முழுவதும் சோர்ந்துவிடுகிறார். சமீபகாலமாக, மின்கட்டணம் கட்டுவது போன்ற பழகிய வேலைகளிலேயே தடுமாறுகிறார். நினைவாற்றல் சோதனையை போனிலோ வீடியோ அழைப்பிலோ செய்யலாம் என்கிறார் மருத்துவர். அதை நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் போன் வேண்டாம், வீடியோவையே கேளுங்கள். 1817-ல் இந்நோயை முதன்முதலில் விரிவாக விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், அறிவுக்குப் பாதிப்பில்லை என்றே எழுதினார். அது சரியல்ல என்று இன்று தெரியும். பார்க்கின்சனில் பெரும்பாலும் முதலில் தளர்வது நினைவாற்றல் அல்ல. ஒரு வேலையை வரிசைப்படுத்திச் செய்வது, கவனத்தை நிறுத்துவது, இடத்தையும் வடிவத்தையும் கணிப்பது ஆகியவையே. நினைவாற்றல், கவனம் போன்ற மூளைத்திறன்களை அளக்கப் பரவலாகப் பயன்படும் 'மோக்கா' (MoCA) சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். போன் வடிவத்துக்கு 22 மட்டுமே. கோடு இணைப்பது, கனசதுரமும் கடிகாரமும் வரைவது, படம் பார்த்துப் பெயர் சொல்வது ஆகியவற்றுக்கான 8 மதிப்பெண்கள் அதில் விடுபடுகின்றன. உங்கள் அப்பாவுக்கு நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டிய பகுதிகள் பல அந்த எட்டுக்குள்தான் இருக்கின்றன. ஆகவே போனில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டது என்பதற்காக நிம்மதி அடைந்துவிட முடியாது.

அடுத்தது நேரம். பார்க்கின்சனுக்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையின் வேலை குறைந்து உடல் இறுகிக் கிடக்கும்போது சோதித்தால், மூளையின் திறனையல்ல, தீர்ந்துபோன மாத்திரையைத்தான் அளக்கிறோம். அவர் நன்றாக நடமாடும் நேரம் எது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தையே கேட்டு வாங்குங்கள். மாத்திரை போட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள்; அடுத்த முறையும் அதே இடைவெளியில் செய்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

பக்கத்தில் உட்காருபவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். ஒரு வீடியோ அழைப்பில், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கும்படி ஒரு பெரியவரிடம் சொன்னேன். "தொண்ணூற்று மூன்று" என்றவர் அமைதியாகிவிட்டார். அருகிலிருந்த மனைவி தாங்கமுடியாமல் "எண்பத்தாறுங்க" என்று எடுத்துக்கொடுத்தார். பெரியவருடைய உதடு அப்போதுதான் அசையத் தொடங்கியிருந்தது. இந்நோயில் பதில் தாமதமாக வருவது இயல்பு. எடுத்துக்கொடுத்த பதிலுக்கு மதிப்பெண் இல்லை. அவராகச் சொல்லியிருக்கக்கூடிய பதிலும் வீணாகிவிடுகிறது.

மொபைலைவிட லேப்டாப் நல்லது. குரல் மெலிந்திருக்கும் என்பதால் மைக் அருகில் இருக்கட்டும். கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறக்க வேண்டாம். மின்விசிறியில் தாள் பறக்காமல் அட்டையில் கிளிப் போட்டு, தடித்த பேனா கொடுங்கள். மோக்காவுக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது, அதையே கேளுங்கள். அவருடைய படிப்பு 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள், ஆகவே அதையும் முன்பே தெரிவியுங்கள்.

முழுச் சோதனையில் மதிப்பெண் 30-க்கு 26-க்குக் கீழே வந்தாலும் அது நோயின் பெயரைச் சொல்லிவிடாது. மேலும் ஆராய வேண்டும் என்று மட்டுமே காட்டும். மின்கட்டணத்தில் அவர் எங்கே தடுமாறினார்? விரல் நடுங்கித் திரையில் தவறாகப் பட்டதா, அல்லது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே புலப்படவில்லையா? இந்த வேறுபாட்டை எந்த மதிப்பெண்ணையும்விட நான் மேலாக மதிப்பேன். இரண்டு மூன்று நிகழ்வுகளை எழுதி அனுப்புங்கள். கூடவே எல்லா மாத்திரைகளின் பட்டியலும் வேண்டும், ஏனெனில் நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில், தூக்க மாத்திரைகள் போன்றவையே சிந்தனையை மந்தமாக்கக்கூடும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு, பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும், இவை சரிசெய்யக்கூடியவை.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் வீடியோவுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு போன்றவை காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, இல்லாத ஆட்கள் நிற்பதுபோல அவருக்குத் தெரிகிறதா என்று தனியே, மெதுவாகக் கேளுங்கள். பலர் வெட்கத்தால் இதை மறைத்துவிடுகிறார்கள். ஆம் என்றால், அழைப்பின்போது அவர் முன்னால் சொல்லாமல், முந்தைய நாளே மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள்.