மூளை அலையைத் தூண்டினால் வலி குறையுமா? வலியோடு வாழ்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஈஈஜி, அதாவது மூளையின் மின்னலைப் பதிவு எடுப்பது என் தொழில். 14 ஆண்டுகளாகத் தலையில் மின்முனைகளை ஒட்டி, திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்து வருகிறேன். அதில் கடைசி 6 ஆண்டுகள் வலி சிகிச்சைப் பிரிவில், காந்தத் தூண்டல் கருவிக்குப் பக்கத்திலேயே வேலை. நான் மருத்துவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை இல்லாமல் மூளை அலைகளைத் தூண்டி வலியைக் குறைக்க முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, வரிசையாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு ஐந்து வருடமாகக் கழுத்து வலி. கழுத்தில் இருக்கிற வலிக்கும் தலைக்குள் ஓடுகிற அலைக்கும் என்ன சம்பந்தம்?

அவசர வேலையில் இருக்கும்போது விரலில் கத்தி பட்டது தெரியாமல் போய், ரத்தத்தைப் பார்த்த பிறகு "ஐயோ" என்று வலித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வெட்டுக்காயம் முதலிலிருந்தே இருந்தது. வலி பிறகுதான் வந்தது. உடம்பு அனுப்புவது செய்தி மட்டும்தான். அதை வலியாக ஆக்குவதா, எவ்வளவு ஆக்குவது என்பதை மூளை முடிவு செய்கிறது. "வலி என் மனப்பிரமையா?" என்று உடனே வருத்தப்படாதீர்கள் அம்மா. உங்கள் வலி நூற்றுக்கு நூறு உண்மை. அது உருவாகும் இடங்களில் மூளையும் ஒன்று, அவ்வளவுதான்.

அலை என்பது என்ன? ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார், 1929ல் வெளியிட்டார். அவர் கண்டதை நான் இன்றும் தினமும் பார்க்கிறேன். "கண்ணை மூடுங்கள்" என்று சொன்ன மறுநொடி, அதுவரை பொடிப்பொடியாக நடுங்கிக்கொண்டிருந்த பின்மண்டைக் கோடுகள் ஒரே சீராக எழுந்து தாழ ஆரம்பிக்கும். வினாடிக்கு 8 முதல் 12 முறை. இதுதான் ஆல்ஃபா. கண்ணைத் திறந்தால் கலைந்துவிடும்.

ஒரு பகுதியில் ஆல்ஃபா ஓங்கியிருந்தால் அங்கே வந்து சேரும் செய்திகள் கொஞ்சம் அமுங்குகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நாள்பட்ட வலி உள்ளவர்களில் பலருக்கு இந்தத் தாளம் சற்றே மந்தமாக ஓடுவதையும் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் வெளியிலிருந்து ஒரு தாளத்தைக் கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாதா என்ற யோசனையில் பிறந்ததுதான் இந்த முயற்சியெல்லாம். ஆனால் தாளம் மந்தமானதால் வலி வந்ததா, வலியால் தாளம் மந்தமானதா என்பது இன்னும் தீராத கேள்வி. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: ஒரே பெயரில் பத்து விதமான கருவி விற்கிறார்கள். எது எது?

மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், குழப்பம் போய்விடும். முதலாவது ஒளியும் ஒலியும்: மின்னும் கண்ணாடி, ஹெட்போனில் வரும் துடிப்பு. இரண்டாவது மென்மையான மின்சாரம். ஒரே திசையில் ஓடினால் டிடிசிஎஸ், அலைபோல் மாறி மாறி ஓடினால் டிஏசிஎஸ். இரண்டிலும் மின்னோட்டம் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லியாம்பியர்தான். மூன்றாவது காந்தம். 1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவரது சகாக்களும் தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். அதைத் தொடர் துடிப்புகளாகக் கொடுப்பதுதான் ஆர்டிஎம்எஸ்.

மின்சாரத்தால் வலி போக்குவது புதிதில்லை. முதலாம் நூற்றாண்டிலேயே ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலைமேல் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்.

கேள்வி: செல்போனில் "வலி நீக்கும் பைனாரல் இசை" கேட்கிறேன். ஸ்பீக்கரில் போட்டால் போதுமா?

போதாது. ஒரு காதுக்கு 400 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 400 அதிர்வு), மறு காதுக்கு 410 ஹெர்ட்ஸ் என்று தனித்தனியாகப் போனால், இரண்டுக்கும் இடையே உள்ள 10 ஹெர்ட்ஸ் வித்தியாசம் ஒரு துடிப்பாக மூளைத்தண்டில் உருவாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் டோவ் கண்ட விஷயம் இது. ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் காற்றிலேயே கலந்துவிடும். அப்போது கேட்பது சாதாரணத் துடிப்புதான்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. காதுக்கு வருமுன்பே கலந்த அந்தச் சாதாரணத் துடிப்பு, பைனாரலைவிட மூளை அலையை நன்றாகவே பின்தொடர வைக்கிறது என்று 2020ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே பைனாரல் என்ற பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் மனம் தணிகிறதா, தூக்கம் வருகிறதா? தாராளமாகக் கேளுங்கள். நன்றாகத் தூங்கிய மறுநாள் வலி குறைவாக இருக்கும், அது நிச்சயமான லாபம்.

கேள்வி: மின்னும் கண்ணாடி பற்றி ஆராய்ச்சி ஏதாவது உண்டா சார்?

உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வலி ஆய்வுக் குழு 2017ல் வெளியிட்ட ஆய்வில், ஆல்ஃபா வேகத்தில் ஒளியும் ஒலியும் கொடுத்தபோது, ஆய்வகத்தில் உண்டாக்கிய வலியைத் தன்னார்வலர்கள் குறைவாக உணர்ந்தார்கள். எனக்கு நம்பிக்கை தந்த ஆய்வுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள், வலியும் சில நொடி வலி. பத்து வருட மூட்டு வலிக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: என் மகளுக்குச் சிறு வயதில் வலிப்பு வந்திருக்கிறது. இப்போது ஒற்றைத் தலைவலி. அந்தக் கண்ணாடி வாங்கித் தரலாமா?

வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மின்னியதில், 600க்கும் மேற்பட்ட குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. நாம் பேசும் ஆல்ஃபா வேகமும் அதே வேகம்தான். வலிப்பு வந்தவர்கள் யாரும் மின்னும் ஒளிப் பக்கமே போகக் கூடாது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு மின்னும் ஒளியே தலைவலியைக் கிளப்பிவிடும்.

ஒற்றைத் தலைவலிக்கு வேறு கருவிகள் இருக்கின்றன. பின்மண்டையில் வைக்கும் ஒற்றைத் துடிப்புக் காந்தக் கருவிக்கு 2013லும், நெற்றியில் ஒட்டும் நரம்புத் தூண்டிக்கு 2014லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டாவது நெற்றியில் ஓடும் உணர்வு நரம்பைத் தூண்டுவது, மூளை அலைக் கதை இல்லை. வலிப்பு வந்த பிள்ளை என்பதால் எதையும் அவளுடைய நரம்பியல் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: அக்கி வந்து போன இடத்தில் எட்டு மாதமாக நெருப்பு வைத்தது போல எரிச்சல். காந்த சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார்கள். எப்படி இருக்கும்?

உங்களுக்குத்தான் இந்த முழுப் பட்டியலிலும் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடிகிறது. நரம்பு சேதமானதால் வரும் வலிக்கு, வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புற மூளையில் உடலசைவை ஆளும் இயக்கப் பகுதியில் வேகமான காந்தத் துடிப்பு கொடுப்பதை ஐரோப்பிய நிபுணர் குழு 2014லும் 2020லும் சான்றின் மிக உயர்ந்த படியில் வைத்தது. பொதுவான நாள்பட்ட வலிக்கு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய 2018 காக்ரேன் மதிப்பாய்வு இன்னும் இறுக்கமாகப் பேசுகிறது: குறுகிய காலத்துக்குச் சிறிய பலன். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

எப்படி இருக்கும் என்றால், முதல் நாள் உங்களைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, காதில் அடைப்பான் வைப்பார்கள். எட்டு வடிவச் சுருளைத் தலையில் வைத்து ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்து இடம் தேடுவோம். சரியான இடம் கிடைத்ததும் மடியில் கிடக்கும் உங்கள் கட்டைவிரல் தானாகத் துள்ளும். நீங்கள் அசைக்கவே இல்லை, ஆனால் விரல் துள்ளும். அதைப் பார்த்து நிறையப் பேர் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். விரல் துள்ளும் குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழே சிகிச்சை அளவை வைப்போம். பிறகு வினாடிக்கு 10 துடிப்பு என்று சில நொடி, சிறு இடைவெளி, மறுபடி. மண்டையில் மரங்கொத்தி கொத்துவது போலச் சத்தம். நெற்றித் தசை இழுக்கும், சிலருக்கு அன்று மாலை தலைவலி வரும்.

எழுந்த உடனே வலி போயிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓரிரு நாள் கழித்துத்தான் பலருக்கு வித்தியாசம் தெரிகிறது. தொடர்ந்து பல நாள் வர வேண்டும், பிறகு இடைவெளி விட்டு நினைவூட்டல் அமர்வுகள். விட்டுவிட்டால் பலனும் மெல்லத் தேய்ந்துவிடும். தலைக்குள் உலோகக் கிளிப்போ அறுவை சிகிச்சையில் காதுக்குள் பொருத்திய கேட்புக் கருவியோ இருந்தால் இது கூடாது. பேஸ்மேக்கர் இருந்தாலும் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 9 வோல்ட் பேட்டரியில் நானே மின்தூண்டல் கருவி செய்துகொள்ளலாமா? வீடியோவில் சுலபமாகக் காட்டுகிறார்கள்.

செய்யாதீர்கள் தம்பி. மின்முனைக்கு அடியில் உப்புநீரில் நனைத்த பஞ்சு இருக்கும். அது ஒரு மூலையில் காய்ந்தால் மின்னோட்டம் முழுவதும் மிச்சமிருக்கும் ஈரத்தின் வழியே நெருக்கியடித்துப் போகும். தோல் முதலில் அரிக்கும், அப்புறம் கொப்பளிக்கும். நல்ல கருவி தோலின் தடையை அளந்துகொண்டே இருக்கும், தடை ஏறினால் நின்றுவிடும், மின்னோட்டத்தையும் படிப்படியாகவே ஏற்றி இறக்கும். பேட்டரிக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு முனையையும் இடம் மாற்றி வைத்தால் நினைத்ததற்கு நேர்மாறான விளைவும் வரலாம்.

கேள்வி: இதெல்லாம் வெறும் நம்பிக்கையால் வரும் பலன்தானே?

ஒரு பங்கு அப்படித்தான், அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 1978ல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் பல் பிடுங்கியவர்களிடம் செய்த ஆய்வில், வெற்று மருந்தால் வந்த நிவாரணத்தை, அபின் வகை வலிநிவாரணிகளை முடக்கும் நலோக்சோன் ஊசி தடுத்தது. அதாவது நம்பிக்கையும் உடம்பின் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்க வைத்தே வேலை செய்கிறது.

அதற்கு மேல் கருவியின் பங்கு எவ்வளவு என்று அறியத்தான் போலித் தூண்டல் வைக்கிறார்கள். மின்னோட்டத்தைச் சில நொடி ஏற்றிக் குறுகுறுப்பு காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிளேவியோ ஃப்ரோலிக் குழு, நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 20 பேருக்கு 10 ஹெர்ட்ஸ் டிஏசிஎஸ்ஸையும் போலியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. உண்மையான தூண்டலில் ஆல்ஃபா கூடியது, கூடக்கூட வலியும் குறைந்தது. அருமையான தொடக்கம், ஆனால் இருபதே பேர்.

கேள்வி: தூண்டல் ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாம் இல்லையா?

இதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். "மருந்தில்லா முறை" என்ற வார்த்தையைக் கேட்டு, ஒரு பெரியவர் மூன்றாம் அமர்வுக்கு முன்பே டிரமடாலையும் பிரிகாபலினையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வந்தார். சட்டை முழுக்க வியர்வை, கை நடுக்கம், இரண்டு இரவு தூக்கமில்லை. "மிஷின்தான் ஒத்துக்கலை" என்றார். மிஷின் இல்லை, மருந்தைச் சடாரென்று விட்டதன் விளைவு. இந்த மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கூட வரலாம். வலிப்பு அபாயம் கூடிய தலையில் காந்தத் துடிப்பு கொடுப்பது அதைவிட ஆபத்து. அன்று அமர்வை ரத்து செய்து மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

பலன் தெரிந்தால் மருந்தைக் குறைக்கலாம். வாரக்கணக்கில், எழுதிக்கொடுத்தவர் சொல்லும் அளவில்.

கேள்வி: பலிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நோட்டுப் புத்தகம். தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே, தினமும் ஒரே நேரத்தில் 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று எழுதுங்கள். பக்கத்தில் எத்தனை மணி தூங்கினீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், எத்தனை மாத்திரை என்பதும். வலி ஏறி இறங்கும் இயல்புடையது. மோசமான வாரத்தில் எதைத் தொடங்கினாலும் அடுத்த வாரம் நன்றாகத்தான் தெரியும். தொடங்கிய பிறகு சராசரி 2 புள்ளியோ 30 சதவீதமோ இறங்கினால் அது மதிக்கத்தக்க மாற்றம். ஏழிலிருந்து ஐந்துக்கு வந்த ஒரு அம்மா, "இப்போ பேரனைத் தூக்க முடியுது" என்று நோட்டில் எழுதியிருந்தார். எனக்கு எண்ணைவிட அந்த வரி முக்கியம். ஒன்றரை மாதம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் ஒன்றும் அசையவில்லையா, விட்டுவிடுங்கள்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கும்போது?

வீட்டில் நீங்களாக எந்தக் கருவியும் வேண்டாம்.

கேள்வி: இரண்டு வாரமாக இடுப்பு வலி. நேற்றிலிருந்து இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போயிருக்கிறது, சிறுநீர் சரியாக வரவில்லை. எந்தக் கருவி வாங்கலாம்?

உங்கள் கேள்வியைப் பார்த்ததுமே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இடுப்பு வலியோடு தொடைகளுக்கு நடுவிலோ ஆசனவாயைச் சுற்றியோ மரத்துப்போனால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், கால் பலமிழந்தால், முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். அதைச் சில மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும், தாமதித்தால் நிரந்தரமாகிவிடும். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறையும்போது இரவில் எழுப்பும் வலி, இவையும் முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவை. கருவி எதுவும் வேண்டாம். பதிலைப் படித்து முடிக்கக் கூட வேண்டாம், அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள்.