மழையில் ஓட்டும்போது ஹசார்ட் லைட் போடலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து திருச்சிக்கு அடிக்கடி காரில் போகிறேன். பலத்த மழை பிடித்துக்கொண்டால் நிறையப் பேர் ஹசார்ட் லைட்டைப் போட்டபடியே ஓட்டுகிறார்கள். நானும் போடுகிறேன். சரிதானா?

பதில்: வேண்டாம். நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கினால், வண்டி நின்றுவிட்டது என்றுதான் பின்னால் வருபவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடுகிற வண்டிகளும் மினுக்கினால், நடுரோட்டில் பழுதாகி நிற்கிற லாரியை அவர் எப்படி அடையாளம் காண்பார்? அதோடு, பெரும்பாலான கார்களில் ஹசார்ட் எரியும்போது தனி இண்டிகேட்டர் தெரியாது. நீங்கள் லேன் மாறப்போவதை யாரிடமும் சொல்ல முடியாது.

மழைக்கு ஹெட்லைட்டை லோ பீமில் போடுங்கள். பின்பக்கச் சிவப்பு விளக்குகளும் கூடவே எரியும். டிஆர்எல் (பகலில் தானாகவே எரியும் முன்விளக்கு) உள்ள பல கார்களில் முன்னால் மட்டும் வெளிச்சம் வரும், பின்பக்கம் இருட்டாகவே கிடக்கும். மீட்டரும் பளிச்சென்று எரிவதால், லைட் போட்டுவிட்டோம் என்று நினைத்துவிடுவோம். அதனால் ஸ்விட்சைத் திருகிவிட்டீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். ரோடே தெரியாத மழையா? ஏதாவது பெட்ரோல் பங்க்குக்குள் ஒதுங்கிவிடுங்கள்.

நாற்சந்தியில் நேரே போவதற்கு ஹசார்ட் போடும் பழக்கமும் நம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. இதுவும் ஆபத்துதான். இடப்பக்கத் தெருவிலிருந்து பைக்கில் வருபவருக்கு உங்கள் இடது இண்டிகேட்டர் மட்டுமே கண்ணில் படும். நீங்கள் திரும்பப்போகிறீர்கள் என்று நம்பி உள்ளே நுழைந்துவிடுவார். நேரே போக எந்த இண்டிகேட்டரும் தேவையில்லை.

வண்டி பழுதாகி நின்றாலோ, இன்னொரு வண்டி கட்டி இழுத்துப் போனாலோ ஹசார்ட் கட்டாயம். ஓடும்போது போடலாம் என்றால் அது ஒரு சமயத்தில்தான்: நெடுஞ்சாலையில் முன்னால் வண்டிகள் திடீரென்று தேங்கி நிற்கும்போது. பின்னால் வருபவர் வேகம் குறைத்ததும் அணைத்துவிடுங்கள்.

இரவில் பழுதாகி நின்றால் இந்த லைட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரே விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். முதலில் எல்லோரையும் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் அனுப்புங்கள். அப்புறம் டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். வளைவாக இருந்தால், வளைவு தொடங்கும் முன்பே வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் போன் செய்யுங்கள். உதவி வரும்வரை வண்டிக்குப் பின்னால் மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.