கைக்குழந்தைக்கு வீட்டிலேயே பொட்டு மை காய்ச்சுவது எப்படி?

கடை மை வைத்தால் 3 மாதக் குழந்தையின் நெற்றி தடித்துப்போகிறது, வீட்டில் செய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஜவ்வரிசியும் தண்ணீரும் போதும், வேறொன்றும் சேர்க்காதீர்கள்.

மியான்மரின் யாங்கோன் நகரத்தில் எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்திலிருந்து இந்த மைதான். என் பிள்ளைகள் இருவருக்கும் நானே காய்ச்சி வைத்தேன். 1871இல் நம் ஆட்கள் கட்டிய காளி கோயிலுக்குப் போகும்போது, பக்கத்திலிருக்கும் தெயின்ஜி சந்தையில் ஜவ்வரிசி வாங்கிக்கொள்வேன். பர்மியக் கடை என்றால் 'தாகு' என்று கேட்க வேண்டும். நிறம் ஏற்றாத வெள்ளை ஜவ்வரிசியாகப் பார்த்து வாங்குங்கள்.

அரை கப் போதும். பழைய இரும்புச் சட்டியில் போட்டு, சிறு தீயில் எண்ணெய் இல்லாமல் வறுங்கள். முதலில் பொரியும், பிறகு பழுப்பாகும், அப்புறம் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புகை கிளம்பும். இங்கேதான் பலர் பயந்து அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அப்படி அணைத்தால் மை காப்பி நிறத்தில்தான் வரும், பிள்ளை நெற்றியில் அழுக்குத் திட்டுப் போலத் தெரியும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தையை வேறு அறையில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், கரண்டியை நிறுத்தாமல் கிளறுங்கள். கரி போல முழுக்கக் கறுத்த பிறகே அணைக்க வேண்டும்.

அணைத்த உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன், தெறித்த தழும்பு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. சட்டி கொஞ்சம் ஆறட்டும். பிறகு 2 கப் வெந்நீரை ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மறுபடி கொதிக்க வையுங்கள். கட்டியெல்லாம் கரைந்து கறுப்புத் தண்ணீர் ஆனதும் மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, தேன் பதம் வரும் வரை சுண்டக் காய்ச்சுங்கள். தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் ஓடக் கூடாது.

மாவுச்சத்தை நீரில்லாமல் வறுத்தால் டெக்ஸ்ட்ரின் என்ற பசை உண்டாகிறது. தபால் உறையின் ஓரத்தில் தடவுவார்களே, அந்த வகைப் பசை. அதனால்தான் இந்த மை எண்ணெய் இல்லாமலே ஒட்டிக்கொள்கிறது, ஈரத் துணியால் துடைத்ததும் வந்துவிடுகிறது. தோலைத் தேய்க்கவே வேண்டாம்.

காய வைக்கச் சிரட்டைதான் நல்லது. உட்பக்கம் தேங்காய்ப் பிசிறு இல்லாமல் சுரண்டி, கழுவி, வெயிலில் காய வைத்துக்கொள்ளுங்கள். பிசிறு இருந்தால் சிக்கு வாடை வந்துவிடும். மையை மெல்லிதாக ஒரு பூச்சுப் பூசி, அது காய்ந்த பிறகு அதன்மேல் அடுத்தது. மொத்தமாக ஊற்றினால் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும். என் மூத்தவள் பிறந்தது ஆடியில். இங்கே மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. அந்த மழையில் காய்ச்சி, முழுவதையும் ஒரே சிரட்டையில் ஊற்றிவைத்தேன். சில நாளில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிட்டது, அத்தனையையும் கொட்டினேன். அதிலிருந்து பங்குனி வெயிலில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்பே காய்ச்சி முடித்துவிடுவேன். உங்கள் ஊரில் இப்போது மழை என்றால் கால் கப் மட்டும் செய்யுங்கள்.

கடை மை எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணில் தீட்டும் சுர்மாப் பொடியிலும் சில கண்மைகளிலும் குங்குமங்களிலும் ஈயம் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நெற்றியைத் தேய்த்த கை நேராக வாய்க்குத்தானே போகும்! அப்பத்தா வசம்பைச் சுட்டு அந்தக் கரியையும் இதில் குழைப்பார். நான் அதை விட்டுவிட்டேன், உங்கள் பிள்ளைக்குத் தோல் தடிப்பதால் நீங்களும் சேர்க்க வேண்டாம். இந்த ஜவ்வரிசி மையைக் கண்ணுக்குள் தீட்டவும் கூடாது.

பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா காலையில் வட்டக் கல்லில் தனாக்கா என்ற மரத்தின் கட்டையைச் சந்தனம் போல உரைத்துத் தன் பேத்தியின் கன்னத்தில் பூசும்போது என் மகளையும் கூப்பிடுவார். நான் சிரட்டையை எடுத்துப்போய் அவர் பேத்திக்கும் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பேன். வெளிர் மஞ்சள் பூச்சின் மேல் கறுப்பு எடுப்பாக நிற்கும்.

இப்போதுள்ள தடிப்பு முழுதும் ஆறட்டும், அதுவரை பொட்டே வேண்டாம். நீர் கசிந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆறிய பிறகு சிரட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, விரலால் தேய்த்து, குழந்தையின் முன்கையில் மிளகளவு வைத்து ஒரு நாள் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் நெற்றியில் வைக்கலாம். மீதி ஈரத்தைக் காய விட்டுச் சிரட்டையை மூடிவையுங்கள்.