அவுஸ்திரேலியாவில் பேர்த்திலிருந்து அடிலெய்டுக்கு நல்லபோர் (Nullarbor) என்ற வறண்ட சமவெளி ஊடாகக் காரில் போகலாமா?

கிளிநொச்சியிலிருந்து பிள்ளைகளிடம் போகிற பெற்றோருக்காகக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். தூரம் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். முழுக்கத் தார் வீதி, எங்களைப் போல இடப்பக்க ஓட்டம். நாலு நாள் ஒதுக்குங்கள்.

கவனம் வேண்டியது வழியிலுள்ள நோர்ஸ்மன், செடுனா என்ற சிறு நகரங்களுக்கு இடைப்பட்ட 1,200 கிலோமீற்றர். பெற்றோல் நிலையங்களுக்கிடையே சில இடங்களில் 190 கிலோமீற்றர் வரை இடைவெளி உண்டு. எதிர்காற்றில் எண்ணெய் கூடச் செலவாகும், ஆகவே அரைத் தாங்கிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றராவது காரிலேயே இருக்கட்டும். வழியில் நல்ல தண்ணீர் அரிது.

இருட்டினால் ஓடவே வேண்டாம். முல்லைத்தீவு வீதியில் மாடு நிற்பதுபோல அங்கே கங்காரு. ஆனால் அது வெளிச்சத்தைக் கண்டு குறுக்கே பாயும், நீங்கள் வருவதோ மணிக்கு 110 கிலோமீற்றரில். வெட்டித் திருப்பினால் கார் உருளும். நேராகப் பிடித்து பிறேக் போடுங்கள்.

கார் நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். தேடுபவர்கள் கண்ணில் முதலில் படுவது காரே. பல இடங்களில் கைபேசி எடுக்காது.

செடுனாவில் பழம், மரக்கறியைச் சோதித்து வாங்கிவிடுவார்கள். ஊரிலிருந்து கொண்டுபோகிற தேனையும் முறிகண்டிக் கச்சானையும் விமான நிலையத்திலேயே படிவத்தில் குறிப்பிடுங்கள், மறைத்தால் தண்டப்பணம்.