ஃபேன் அரைச் சுற்று சுற்றி நிற்கிறதா?

கேள்வி: ஏழு வருடமாக ஓடும் கம்ப்யூட்டர். போன வாரம் கரண்ட் போய் வந்ததிலிருந்து, பட்டனை அழுத்தினால் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி) ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. புதிதாக மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். எனக்கு ஓரளவு சால்டரிங் தெரியும். வீட்டிலேயே சரிசெய்யலாமா?

பதில்: அந்த அரைச் சுற்று நல்ல அறிகுறிதான். ஃபேன் அசைகிறது என்றால் உள்ளே ப்யூஸ் போகவில்லை. மெயின் கரண்ட் நுழையும் ஏசி பக்கம் பெரும்பாலும் தப்பிவிட்டது. எங்கோ ஷார்ட் இருப்பதாகக் கண்டு, பாதுகாப்புச் சுற்று தானே நிறுத்திக்கொள்கிறது. அந்த ஷார்ட் மதர்போர்டிலும் இருக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். பிராசஸர் அருகே செருகியிருக்கும், மஞ்சளும் கறுப்புமாக ஒயர் வரும் 4 பின் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் ஓடினால் சந்தேகம் மதர்போர்டு மேல்தான். புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கியிருந்தால் காசு தண்டம்.

அப்போதும் நின்றால், எல்லாக் கனெக்டரையும் கழற்றி, லோடுக்காகப் பழைய டிவிடி டிரைவ் ஒன்றை மட்டும் மாட்டுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்துவிட்டு, அதன்பின் ஸ்விட்ச் போடுங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்றால் ஓடும். மல்டிமீட்டரில் மஞ்சள் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு 4.75 முதல் 5.25 வோல்ட் காட்ட வேண்டும். ஊதா ஒயரில், பச்சையை இணைக்காதபோதும் 5 வோல்ட் இருக்கும். (சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் இந்த நிற வரிசை மாறும், கவனம்.)

இதிலும் தேறவில்லையா? அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 325 வோல்ட் வரை டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் தங்கியிருக்கும். மீட்டரை 600 வோல்ட் டிசிக்கு மேல் வைத்து அளந்து பாருங்கள். மிச்சம் இருந்தால், ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் கால்களில் தொட்டு வடியவிட்டு, மறுபடி அளங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் வேலை வேண்டாம்.

தேட வேண்டியது, ஒயர்கள் கிளம்பும் பக்கத்தில் உள்ள சின்னக் கெப்பாசிட்டர்களை. நல்லது தலை தட்டையாக இருக்கும். கெட்டது பூரி மாதிரி உப்பி, சிலசமயம் பழுப்பாகக் கசிந்திருக்கும். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். 2200 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் என்றிருந்தால் அதே மைக்ரோஃபாரட், 10 அல்லது 16 வோல்ட், 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை குறைந்த ரகம்) என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரகம் போட்டால் சில மாதத்தில் மறுபடி திறக்க வேண்டிவரும்.

பழுது பார்த்ததை நேரே மெயினில் போடாமல், அதே குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி, வைத்துப் போடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் ஏசி பக்கத்தில் மாஸ்ஃபெட்டோ (ஸ்விட்ச் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) பிரிட்ஜோ (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்) ஷார்ட். அதோடு மூடி வைத்துவிடுங்கள். அந்த நிலையில் புதியது வாங்கச் சொல்லும் கடைக்காரர் பக்கம்தான் நானும்.